முதல் பந்திப் பணம்

இந்த மேசைக்கு அடுத்து உட்காரப் போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை, முப்பத்தொன்றுதான் ஆகிறது. அருப்புக்கோட்டைக் கிளையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, வரும் திங்கட்கிழமை சென்னையில் வங்கியின் கணினிப் பிரிவில் சேருகிறேன். நான் படித்ததும் அதற்குத்தான். இந்த மேசைக்கென்று யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை.

நகைக்கடனுக்கு ஆள் உண்டு, டெபாசிட்டுக்கு ஆள் உண்டு. எந்த மேசைக்கும் சேராத காகிதமெல்லாம் இங்கே வந்து விழும். இறந்தவர் கணக்கு, தொலைந்த பாஸ்புக், கோர்ட் உத்தரவு. கோர்ட் உத்தரவில் ஒரு வகை ஜீவனாம்சப் பாக்கி. பிள்ளைக்கு மாதாமாதம் கட்டச் சொன்ன பணத்தைத் தகப்பன் கட்டாமல் விட்டால், அவர் கணக்கிலிருந்து பிடித்து அனுப்பச் சொல்லி நமக்கு உத்தரவு வரும்.

அதைச் செய்யும் முறையை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பதினொரு வரி. படித்தால் புரியும், அதனால் அதை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. முதல் வரியைப் பேனாவால் அடித்திருப்பதையும், அதையே அம்புக்குறி போட்டு நான்காவது இடத்துக்குத் தள்ளியிருப்பதையும் பார்ப்பீர்கள். சுத்தமாக இன்னொரு பிரதி எடுத்து ஒட்டியிருக்கலாம். அந்த அடித்தல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடிபட்ட வரி இது: 'வாடிக்கையாளருக்குப் போன் செய்து தெரிவிக்கவும்.'

நம் கிளையின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் பிரீமியம் எடுத்தாலும், தவணை எடுத்தாலும் முதலில் போன் போட்டுச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் எடுத்தால், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே" என்று பரளச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்பார்கள். பணத்தைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவர்களுக்குப் பெரிது. நானும் அது நல்ல பழக்கம் என்றே பட்டியலில் முதலில் எழுதினேன்.

அருள்ராஜ் என்பவர் கணக்குக்கு உத்தரவு வந்தது. பந்தல்குடிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். சொந்தமாக டிப்பர் லாரி வைத்து மண், ஜல்லி லோடு அடிப்பவர். மனைவி ஜெயராணியைப் பிரிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஷைனிக்கு மாதம் ஆறாயிரம் கட்ட வேண்டும் என்பது கோர்ட் தீர்ப்பு. பதினான்கு மாதம் கட்டவில்லை. எண்பத்து நான்காயிரம் பாக்கி.

திரையில் பார்த்தேன். அன்று காலைதான் லோடு பணம் ஏறியிருந்தது. தொண்ணூறாயிரத்துக்கு மேல் இருப்பு. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு பட்டியல்படி முதல் வரியைச் செய்தேன்.

"அருள்ராஜ் அண்ணே, பேங்குலருந்து பேசுறேன். உங்க கணக்குக்குக் கோர்ட் ஆர்டர் ஒண்ணு வந்துருக்கு. எண்பத்து நாலாயிரத்தை நிறுத்தி வைக்கப் போறோம்."

"அப்பிடியா மேடம்? சரி மேடம். சொன்னதுக்கு ரொம்ப நன்றி."

எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்தேன். அதற்குள் பாஸ்புக் தொலைத்த ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். அவரை அனுப்பிவிட்டு, கணக்கைத் திறந்து, தொகையை எடுக்க முடியாதபடி பூட்டும் திரைக்குப் போனபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. இருப்பு முன்னூற்றுப் பன்னிரண்டு ரூபாய். மிச்சத்தைக் கைபேசியிலேயே வேறு யாருக்கோ அனுப்பியிருந்தார்.



இரண்டு நாள் கழித்து ஜெயராணி வந்தார். எம்.ரெட்டியபட்டியில் தாய் வீட்டில் இருந்துகொண்டு நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர். கூடவே ஷைனி, ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை. அரசுத் திட்டத்தில் காதுக்குள் கருவி வைத்து ஆபரேஷன் இலவசமாக ஆகிவிட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவி பழுதானால் அந்தச் செலவு வீட்டுக்காரர்களுடையது. பழுதாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜெயராணி அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தார்.

"மேடம், அவுக கணக்குல லோடு பணம் வருதுன்னு தெரிஞ்சுதான் வக்கீலு ஆர்டரே வாங்குனாரு. இப்ப அவரு விசாரிச்சா, முன்னூறு ரூவாதான் இருக்குங்கிறாக. எப்பிடி மேடம்?"

ஜெயராணி டப்பாவை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"இத மாட்டாம இவளுக்கு ஒண்ணும் கேக்காது. மதுரையில பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனா, மாட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிர்றாக. ஆறு ஏழு வயசுக்குள்ள பேச்சு பிடிச்சாத்தான் உண்டாம். வந்த நாலு வார்த்தையும் இப்பப் போயிருச்சு."

பக்கத்தில் காசாளர் பணம் எண்ணும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் நாங்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. ஷைனி அதன் பக்கம் திரும்பவே இல்லை. என் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவுகளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. யாரோ சொல்லிருக்காக" என்றார் ஜெயராணி. என்னைக் குறை சொல்வதாக அவர் நினைத்திருக்கவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

"நான்தாங்க சொன்னேன். முதல்ல கணக்கைப் பூட்டியிருக்கணும். போன் பண்ணிட்டேன். தப்பு என்னோடது. கோர்ட்டுக்கும் அப்படியே எழுதப் போறேன்."

அவர் "எழுதுங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோர்ட்டுக்குப் பதில் எழுதும்போது மேலாளர் சொன்ன வழி எளிதாக இருந்தது. 'இருப்பு ரூபாய் 312' என்று ஒரே வரி. அது பொய்யும் இல்லை. ஆனால் நான் நேரத்தோடு எழுதினேன். உத்தரவு கிடைத்த நேரம், போன் செய்த நேரம், பணம் வெளியே போன நேரம், கணக்கைப் பூட்டிய நேரம்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வேலைக்கு நீங்களே வேட்டு வச்சுக்கிறீங்கம்மா."

"இப்படித்தான் எழுதுவேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டேன் சார்."

பெருமூச்சு விட்டபடி கையெழுத்துப் போட்டார். அதை நான் மறக்கவில்லை. அவர் போட்டிருக்க வேண்டியதில்லை.

அதற்கான பலன் இரண்டு விதமாக வந்தது. மண்டல அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டது. கோர்ட்டும் நேரில் வரச் சொன்னது. நீதிபதி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எதுக்குமா முதல்ல போன் பண்ணுனீங்க?" என்று கேட்டார். "எங்க கிளையில சொல்லாம எதையும் எடுக்க மாட்டோம் சார். அதுதான் மரியாதைன்னு நினைச்சேன்" என்றேன். இனி இப்படிச் செய்யக்கூடாது என்று எச்சரித்துவிட்டு, உத்தரவைத் திருத்திக் கொடுத்தார். பாக்கி முழுவதும் சேரும்வரை அந்தக் கணக்கில் இனிமேல் வரும் பணத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். நான் நேரம் எழுதாமல் விட்டிருந்தால், இருப்பில்லை என்ற ஒரு வரியோடு அந்தக் காகிதம் கோப்புக் கட்டுக்குள் போயிருக்கும்.

கிளைக்குத் திரும்பியதும் முதலில் பூட்டினேன். பிறகு, உடனேயே, உத்தரவின் நகலைத் தபாலில் அருள்ராஜுக்கு அனுப்பினேன். அலமாரிக் கதவைத் திறந்து முதல் வரியை அடித்தேன்.

நான்கு மாதம் அந்தக் கணக்கில் ஒரு பைசா வரவில்லை. லோடு பணத்தை வேறெங்கோ வாங்கிக்கொண்டார் போலும். ஜெயராணி மாதம் ஒருமுறை வந்து, கண்ணாலேயே கேட்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். டப்பா கைப்பையிலேயே இருந்தது.

ஐந்தாவது மாதம் திடீரென்று பணம் வர ஆரம்பித்தது. ஐந்நூறு, ஆயிரம், இருநூற்று ஐம்பது. திருப்பூரிலிருந்து, சென்னையிலிருந்து, யார் யாரிடமிருந்தோ. ஒரு டிப்பர்க்காரருக்கு இருநூற்று ஐம்பது ரூபாய் யார் தருவார்கள் என்று அனுப்பியவர்களின் குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். 'அசனம்.' 'அசனம் ஆட்டுக்கு.' 'அம்மா நினைவாக, அசனம்.'

உங்களில் ஒருவர் வெளியூர் என்பதால் சொல்கிறேன். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் வருடத்துக்கு ஒரு நாள் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். அதுதான் அசனம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று காணிக்கை உண்டு, வெளியூர் போனவர்களும் அனுப்புவார்கள். காணிக்கை வாங்கும் பொறுப்பு வருடம் ஒரு வீட்டுக்கு முறை வைத்து வரும். அந்த வருடம் அருள்ராஜின் முறை. கோயிலுக்கென்று கணக்கு கிடையாது. முன்பெல்லாம் நோட்டாகக் கையில் வாங்கித் தகர டப்பாவில் வைத்திருந்தார்கள். இப்போது கைபேசியில் அனுப்புவதால், முறைக்காரர் தன்னுடைய கியூ.ஆர். கோடைக் கோயில் கதவிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுகிறார். அருள்ராஜின் கைபேசி எண் நம் வங்கிக் கணக்கோடுதான் இணைந்திருந்தது. அவர் அதை யோசிக்கவில்லை. நான் அனுப்பிய தபாலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

பிள்ளைக்குச் சேர வேண்டிய தொகை ஒவ்வொரு ஐந்நூறாகச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அது ஊர்ச் சோற்றுக்கு ஊரார் அனுப்பிய பணம். எனக்கு எந்தப் பக்கமும் நிம்மதி இல்லை. பூட்டை எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்திருக்கவும் முடியாது. தொகை முழுதாகச் சேர்ந்த அன்று, இந்த வரவுகளில் அசனம் என்று குறிப்பு இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று கோர்ட்டுக்கு எழுதி அனுப்பினேன். பதில் வருவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அசனம். அருள்ராஜ், அந்தக் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார், சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கும் எஸ்தர் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி என்று மூன்று பேர்.

"ஆட்டுக்காரருக்கு அனுப்புனா போக மாட்டேங்குது மேடம்" என்றார் அருள்ராஜ்.

"உங்ககிட்ட மட்டும்தான் பேச முடியும் அண்ணே. உள்ள வாங்க."

மேலாளர் அறையில் உட்கார வைத்து உத்தரவைக் காட்டினேன். முகம் கறுத்துவிட்டது.

"இது எம் பணமில்ல மேடம். ஊருப் பணம்."

"உங்க பேர்ல இருக்கிற கணக்கு அண்ணே. ஊர்ப் பணம்னா அதை ஊர்க்காரங்க கோர்ட்ல போய்ச் சொல்லலாம். இல்ல, உங்ககிட்ட இருக்கிற வேற பணத்தைப் பாக்கிக்குக் கோர்ட்ல கட்டிட்டா, அவங்க லெட்டர் வந்ததும் பூட்டை எடுத்துருவோம்."

"அன்னைக்கு நீங்கதான போன் பண்ணிச் சொன்னீங்க? அதே மாதிரி இந்தத் தடவையும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

குத்துவதற்காகவே சொன்னார். குத்தியது.

"அன்னைக்குச் சொன்னதுதான் தப்பு" என்றேன்.

அவர் எழுந்து வெளியே போனார். மேலாளர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம சோறு ஆக்கணும். ஊரே வந்து வாசல்ல நின்னா யாரு பதில் சொல்றது? கொஞ்சமாச்சும் எடுத்துவிடுவமா?"

"கோர்ட் சொன்னா எடுப்போம் சார். நம்மளா எடுத்தா, அந்தப் பிள்ளைக்கு ரெண்டாவது தடவையா நான் செய்யற அநியாயமா ஆயிரும்."

நான் என் மேசைக்குத் திரும்பினேன்.

வெளியே கூடத்தில் எஸ்தர் அக்கா அருள்ராஜைக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னலே சொல்லுறாக?"

"கம்ப்யூட்டர் கோளாறாம்க்கா. ரெண்டு நாள் ஆகுமாம்."

எஸ்தர் அக்கா அவரை நம்பியதாகத் தெரியவில்லை. நேராக என் மேசைக்கு வந்து நின்றார். "ஏம்மா, கம்ப்யூட்டர்ல கோளாறா?"

நீங்கள் இருவரும் கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். ஒருவர் கணக்கைப் பற்றி அடுத்தவரிடம் பேச நமக்கு உரிமை இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்கும், ஆளும் கிளம்பியிருப்பார். ஆனால் பொய்யாக இருக்கும். உண்மைக் காரணத்தைச் சொன்னால் விதி மீறல். எனக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் இருக்குக்கா. கணக்கைப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது. அதைக் கணக்கு வச்சிருக்கவங்கதான் சொல்லணும்."

எஸ்தர் அக்கா மெதுவாகத் திரும்பினார். "ஏலே, இவுக சொல்லக்கூடாதாம். நீ சொல்லலாமாம். சொல்லு."

அருள்ராஜ் தரையைப் பார்த்தார். உபதேசியார் தோளைத் தொட்டதும்தான் வாய் வந்தது. "கோர்ட்டுல பிடிச்சு வச்சிருக்காக. ஷைனிக்குக் கட்ட வேண்டியது."

"எம்புட்டு மாசமாக் கட்டல?"

"ஒண்ணே கால் வருசம். அதுக்கு மேலயும் இருக்கும்."

"அந்தப் பிள்ளை காதுல மாட்டுறது ஒடஞ்சு கெடக்குன்னு ஜெயராணி வந்து அழுதாளே, அப்ப நீயும் அங்கதான நின்ன?"

 வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம கோயில்ல மொதப் பந்தி யாருக்குலே?" என்றார் எஸ்தர் அக்கா.

"அக்கா, விடுங்க..."

"யாருக்குலே?"

"பிள்ளைகளுக்கு."

"பெறகென்ன? பிள்ளைக்குப் போட்டுட்டு மத்தவுகளுக்குப் போடுவோம்." உபதேசியாரைப் பார்த்தார். "ஐயா, இந்தப் பணம் போகட்டும். நம்ம பக்கம் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்துருங்க."

உபதேசியார் தவித்தார். "எழுதிருவேன்மா. எட்டு ஆடு சொல்லிருக்கனே?"

"நாலு போதும். மிச்சத்துக்குச் சாம்பார் வைங்க."

"அசனத்துல சாம்பாரா?"

"இவன் மொகத்துக்குச் சாம்பார்தான். ஊர்ல கேட்டா இவனயே எந்திரிச்சு நின்னு காரணத்தைச் சொல்லச் சொல்லுவோம்."

காசாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். அருள்ராஜுக்கு அந்தச் சாம்பார்தான் தாங்க முடியாமல் போயிருக்க வேண்டும். "எட்டும் வெட்டலாம். நான் பாத்துக்கிறேன்" என்றார். கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி, நம் கிளையின் நகைக்கடன் மேசையிலேயே வைத்துப் பணம் வாங்கி, ஆட்டுக்காரருக்கு அங்கேயிருந்தே அனுப்பினார்.

போகும்போது எஸ்தர் அக்கா மறுபடி என்னிடம் வந்தார். "மாசாமாசம் தானாப் போற மாதிரி எழுதிக் குடுக்கலாமாம்ல? எங்க மருமவன் வீட்டு லோனுக்கு அப்பிடித்தான் போகுது."

"கணக்குக்காரங்க கையெழுத்துப் போட்டா செய்யலாம்க்கா."

"ஏலே, வந்து போடு."

வந்து போட்டார். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி ஆறாயிரம் ரூபாய் ஜெயராணி கணக்குக்குப் போகும்படி. அந்தப் படிவத்தில் முத்திரை குத்தினேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மதியச் சாப்பாடு ருசித்தது.

உபதேசியாரின் கடிதத்தைக் கோர்ட்டுக்கு அனுப்பினேன். அடுத்த வாரமே பணத்தை அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. ஒருவேளை ஊர்க்காரர்கள் ஆட்சேபித்திருந்தால் எத்தனை மாதம் இழுத்திருக்குமோ தெரியாது. அப்போதும் நான் பூட்டை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் இப்படி நல்லபடி முடியும் என்று நினைத்து இந்த மேசையில் உட்காராதீர்கள். ஒரு எஸ்தர் அக்கா எல்லாக் கணக்குக்கும் கூட வர மாட்டார்.

உங்களுக்கு நான் விட்டுப் போவது அந்த அடிபட்ட வரி ஒன்றுதான். மரியாதை தேவை. போன் செய்யுங்கள், அண்ணே என்று கூப்பிடுங்கள், கடிதத்தைத் தமிழில் புரியும்படி எழுதுங்கள். எல்லாம் பூட்டிய பிறகு. அதற்கு முன்னால் நாம் காட்டும் மரியாதை நம் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் பையிலிருந்து போகிறது. தவறிவிட்டால் நேரத்தோடு எழுதிவிடுங்கள். யாராவது நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். சொல்லக்கூடாதது என்றால், சொல்லக்கூடாது என்பதையே சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஜெயராணி பாஸ்புக் பதிய வந்தார். ஷைனியும் வந்தாள். காதுக்குப் பின்னால் கருவி, அது கழன்று விழாமலிருக்க ரோஸ் கலர் ரப்பர் பேண்ட். ஜெயராணி என்னிடம் மதுரைக்குப் போய்வரும் பஸ் நேரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காசாளர் ஒரு நோட்டுக் கட்டைப் பிரித்து இயந்திரத்தில் போட்டார். அது கடகடவென்று ஓட ஆரம்பித்ததும் ஷைனி முகத்தைச் சுளித்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ம்மா, சத்தம்" என்றாள்.

ஜெயராணி பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். நானும் தட்டச்சு செய்வதை நிறுத்தினேன். காசாளர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு இயந்திரத்தை அணைத்துவிட்டு, விரலை நனைத்துக்கொண்டு, அந்தக் கட்டை முழுவதும் கையாலேயே எண்ணினார்.